அக்கிலிஸ் தசைநாண் அறுந்தால்: திறந்து தைப்பதா, சின்னக் கீறலா, தைக்காமலே விடுவதா?

மட்டைக்காரன்:
ஷட்டில் ஆடும்போது பின்னங்காலில் யாரோ உதைத்த மாதிரி ஒரு அடி. திரும்பினால் ஆளே இல்லை. டாக்டர் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்கால் சதையை அமுக்கினார். நல்ல காலில் பாதம் கீழே வளைந்தது, அடிபட்டதில் அசைவே இல்லை. கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு கட்டிவைக்கும் அக்கிலிஸ் தசைநாண் முழுசாக அறுந்துவிட்டதாம். ஒருவர் திறந்துதான் தைக்க வேண்டும் என்கிறார், இன்னொருவர் சின்னக் கீறல் போதும் என்கிறார். வயது 38, சர்க்கரை இல்லை. என்ன செய்யலாம்?

கத்திமுனை:
நான் ஆர்த்தோ சர்ஜன். திறந்து தைப்பதுதான் என் கட்சி. அறுந்த முனை நேராக வெட்டியதுபோல் இருக்காது, தேங்காய் நாராகப் பிரிந்து கிடக்கும். கண்ணால் பார்த்தால்தான் நைந்ததை ஒதுக்கி, நல்ல திசுவில் கிராகோ தையல் (பூட்டிப் பூட்டிப் போடும் தையல்) போட்டு இறுக்க முடியும். நீளத்தையும் அடுத்த காலோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். தசைநாண் நீண்டுபோய் ஆறினால் நுனிக்காலில் எம்பும் பலம் போய்விடும்.

மாரத்தான் பிரியன்:
டாக்டர், இதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. பெரும்பாலும் அறுவது குதிகால் எலும்புக்கு மேல் 2 முதல் 6 செ.மீ. வரை உள்ள இடத்தில். அங்கே ரத்த ஓட்டமே குறைவு, மேலே மெல்லிய தோல்தான். அதை நீளமாகக் கிழித்தால் புண் ஆறாமல் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. புகைப்பவர்களுக்கு இன்னும் மோசம். 1977-லேயே மாவும் கிரிஃபித்தும் துளைகள் வழியே தைக்கும் முறையை வெளியிட்டுவிட்டார்கள். இப்போது அதற்கென்று வழிகாட்டிக் கருவி இருக்கிறது. சிறு கீறல் வழியே அதைத் தசைநாணைச் சுற்றியுள்ள உறைக்குள் நுழைத்து, வெளியிலிருந்து ஊசி போட்டு, கருவியை உருவினால் நூல் உறைக்குள்ளேயே வந்து நிற்கும்.

கத்திமுனை:
அந்த ஊசி போகும் வழியில் சூரல் நரம்பு ஓடுகிறதே! கெண்டைக்காலின் நடுவிலிருந்து இறங்கி, குதிகாலுக்குச் சுமார் 10 செ.மீ. மேலே தசைநாணின் வெளி ஓரத்தைத் தாண்டுகிறது. மாட்டினால் பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துப்போகும். நார்வேயில் 526 பேரை வைத்து நடத்தி, 2022-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். நரம்புக் காயம் சின்னக் கீறலில் 5.2 சதவீதம், திறந்ததில் 2.8. மீண்டும் அறுந்தது இரண்டிலும் 0.6 தான். அப்புறம் சின்னக் கீறலில் என்ன லாபம்?

பிசியோ அக்கா:
அந்த ஆய்வில் மூன்றாவது கூட்டமும் இருந்ததே டாக்டர், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கத்தியே வைக்காதவர்கள்! 12 மாதம் கழித்து மூன்று கூட்டத்துக்கும் செயல்திறன் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. கத்தி வைக்காதவர்களில் நரம்புக் காயம் 0.6 சதவீதம்தான்.

கத்திமுனை:
மீண்டும் அறுந்தது 6.2 சதவீதம். பத்து மடங்கு! ஒரு முறை அறுந்ததையே தாங்க முடியாமல் வருகிறார்கள், இரண்டாவது முறை அறுந்த காலைத் தைப்பது எவ்வளவு சிரமம் என்று மேசையில் நிற்பவனுக்குத்தான் தெரியும்.

பிசியோ அக்கா:
100 பேரில் 94 பேருக்கு அறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2010-ல் கனடாவில் 144 பேரைப் பார்த்தார்கள். தைத்தவர்கள், தைக்காதவர்கள் இரு கூட்டத்தையும் சீக்கிரமே பாதத்தை அசைத்து ஊன்றவிட்டார்கள். மீண்டும் அறுந்தது, தைத்தவர்களில் 2 பேர், தைக்காதவர்களில் 3 பேர். பயிற்சிதான் காலைக் காப்பாற்றுகிறது.

கத்திமுனை:
நார்வேயிலும் 2 வாரம் மாவுக்கட்டு, பிறகு குதிகாலைத் தூக்கிவைக்க ஆப்பு வைத்த பூட் போட்டு ஊன்றித்தான் நடந்தார்கள். மூன்று கூட்டத்துக்கும் அதேதான். பயிற்சி ஒன்றாக இருந்தும் 6.2 வந்ததே, அதற்கு என்ன பதில்?

பிசியோ அக்கா:
அந்த எண்ணை நான் மறுக்கவில்லை. திரும்ப ஷட்டில் ஆடியே தீரவேண்டும் என்பவர் தைத்துக்கொள்ளட்டும். ஆனால் நடந்தால் போதும் என்று வரும் 60 வயதுக்காரருக்கும், ஆறாத புண்ணோடு வரும் சர்க்கரை நோயாளிக்கும் அதையே சொல்லாதீர்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

மாரத்தான் பிரியன்:
மட்டைக்காரன் தம்பி, சின்னக் கீறல் சொன்னவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: நரம்பை எப்படித் தவிர்ப்பீர்கள், இந்த முறையில் எத்தனை பேருக்குத் தைத்திருக்கிறீர்கள்? தயங்காமல் சொல்பவர் கையில் காலைக் கொடுக்கலாம்.

மட்டைக்காரன்:
நன்றி அண்ணே. எனக்குத் திரும்ப ஆட வேண்டும், அதனால் தைக்கப்போவது உறுதி. இந்தக் கேள்வியோடு இரண்டு பேரிடமும் போகிறேன். அக்கா, பூட்டில் ஆப்பை எப்போது கழற்றுவது?

பிசியோ அக்கா:
ஒவ்வொன்றாக, வாரக்கணக்கில். உங்கள் சர்ஜன் சொல்லும் அட்டவணைப்படிதான். நீங்களாகக் கழற்றிப் பாதத்தை மேல்நோக்கி இழுத்துப் பார்த்துவிடாதீர்கள், தையல் இழுபட்டு நீளும்.

கத்திமுனை:
எந்த முறையானாலும் இந்த வாரமே முடிவெடுங்கள் தம்பி. மாதத்தைத் தாண்டினால் முனைகள் விலகி இடைவெளி விழும். அப்போது நேர்த்தையல் எட்டாது, பெருவிரலை மடக்கும் தசைநாணை எடுத்து ஒட்டவேண்டியும் வரலாம்.