கையெழுத்துப் போட்டும் சட்டம் அமலாகாதா?

சட்டமாணவி:
தென்னாப்பிரிக்காவின் தேசிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் அதிபர் ரமபோசா 2024 மே 15 அன்று கையெழுத்திட்டார், ஆனால் அன்றே அமலாகவில்லை. இன்னும் என்ன வேண்டும்?

பழைய வக்கீல்:
பிரகடனம் வேண்டும்மா. எந்தப் பிரிவு எந்தத் தேதியில் அமல் என்று அதிபர் அரசிதழில் அறிவிக்க வேண்டும், பகுதி பகுதியாகவும் அறிவிக்கலாம். அங்கே 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின் பெரும்பகுதி 2005 மே மாதம் அமலானது, 36 முதல் 40 வரையிலான பிரிவுகள் காத்திருந்தன. 2014 ஏப்ரல் 1 முதல் அவையும் அமல் என்று பிரகடனம் வந்தது பாருங்கள், அங்கேதான் வினை. மருத்துவமனையோ கிளினிக்கோ நடத்த, அந்த இடத்தில் அது தேவை என்று அரசு தரும் தேவைச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் ஐந்தாண்டு வரை சிறை என்றன அந்தப் பிரிவுகள். ஆனால் சான்றுக்கு விண்ணப்பிக்க விதிமுறையே எழுதப்படவில்லை! வழக்கம்போல நோயாளியைப் பார்க்கும் டாக்டர் என்ன செய்வார்?

சட்டமாணவி:
அப்போ அதிபரே திரும்பப் பெற்றிருக்கலாமே சார்?

பழைய வக்கீல்:
முடியாது. அமலான பிறகு அவர் கையில் அதிகாரம் இல்லை. அதனால் அதிபர் தரப்பே அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போய், தவறு நடந்துவிட்டது என்று சொன்னது, 2015 ஜனவரியில் பிரகடனம் ரத்தானது.

வார்டு செவிலி:
நம் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் 2017 ஏப்ரல் 7 ஒப்புதல் பெற்று, 2018 மே 29 அன்றுதான் அமலானது. அந்த ஒரு வருடமும் நாங்கள் பழைய 1987 சட்டப்படிதான் நோயாளிகளைச் சேர்த்தோம்.