முதல் புத்தகம் போட்டபோது நடந்த, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

காகிதக்கப்பல்:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாவல். பதிப்பாளர் வரிவரியாகப் படித்திருந்தார், அதிலேயே எனக்குப் பாதி மனது நிறைந்துவிட்டது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ‘அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு மற்றும் இனி வரக்கூடிய எல்லா வடிவங்களிலும்’ என்று ஒரு வரி. எத்தனை காலத்துக்கு என்று எங்கும் இல்லை.

“எத்தனை வருஷத்துக்குங்க ஐயா?” என்று கேட்டேன். என் பக்கம் நகர்த்தி வைத்த பேனாவை அவர் மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டார். “இதை யாரும் கேட்டதே இல்லையே தம்பி” என்றார். கோபமில்லை, நிஜமான ஆச்சரியம். அந்த முகம்தான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சுவர் நிறைய அவர் போட்ட புத்தகங்கள். அத்தனை பேரில் ஒருவர்கூடவா கேட்கவில்லை?

ஐந்து வருடம் என்று எழுதிக் கொடுத்தார். ஒலிநூல், மொழிபெயர்ப்பு இரண்டையும் அடித்துவிட்டு ஓரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். கேட்டதற்காக அவர் என்னிடம் முகம் சுளிக்கவே இல்லை.

அரைப்புள்ளி:
எனக்கு ஒப்பந்தமெல்லாம் சுமுகமாக முடிந்தது. மனதில் நிற்பது எடிட்டர்தான். முதல் அத்தியாயத்தின் குறுக்கே பென்சிலால் ஒரே கோடு. இரண்டாம் அத்தியாயத்தின் நடுவில், ‘கதவைத் திறந்தபோது அப்பா செருப்பைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்’ என்ற வரிக்குப் பக்கத்தில், ‘கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது’ என்று எழுதியிருந்தார்.

சரி என்று ஒத்துக்கொண்டேன். படித்தவர்கள் எல்லோரும் அந்த முதல் வரியைத்தான் சொல்கிறார்கள். ஆனால் வெட்டிய பக்கங்களில் அம்மா தனியாக உட்கார்ந்து துணி மடிக்கும் ஒரு பத்தி இருந்தது. அது கதைக்குத் தேவையா இல்லையா என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை. அதை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

திண்ணைவாசி:
அரைப்புள்ளி, அந்த எடிட்டர் செய்தது சரி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோடு போடுவது அவர் வேலை. வெட்டுவதா வேண்டாமா என்பது எழுதியவர் முடிவு.

என் கதையில் சாகக் கிடக்கும் அம்மா, “போயிட்டு வாறேன்டா” என்பாள். அச்சாகி வந்த புத்தகத்தில் “சென்று வருகிறேன்” என்கிறாள். மெய்ப்பு (புரூஃப்) பார்த்தவர் கதை முழுக்கப் பேச்சு வழக்கை ‘திருத்தி’யிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திறக்கவே எனக்கு மனம் வருவதில்லை. இப்போதெல்லாம் கைப்பிரதியோடு, ‘உரையாடலில் உள்ள வழக்குச் சொற்களை மாற்ற வேண்டாம்’ என்று ஒரு தாள் சேர்த்தே அனுப்புகிறேன்.

அரைப்புள்ளி:
திண்ணைவாசி, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அதுவும் இதுவும் ஒன்றில்லை. என் எடிட்டர் என்னைக் கேட்டார், காரணம் சொன்னார், மறுக்க இடம் கொடுத்தார். நான்தான் சம்மதித்தேன்.

மழைநாள்:
எனக்கு வந்த தொலைபேசி அழைப்பைச் சொல்கிறேன். “உங்கள் நாவலின் முடிவு எங்கள் குழுவையே கலங்க வைத்துவிட்டது, உடனே போடுகிறோம், செலவில் ஒரு பங்கு மட்டும் நீங்கள் தந்தால் போதும்” என்றார் ஒரு பெண்மணி. நான் அனுப்பியிருந்தது முதல் மூன்று அத்தியாயங்கள். முடிவை நான் அப்போது எழுதியே இருக்கவில்லை. “எந்த முடிவு மேடம்?” என்றேன். ஒரு நொடி அமைதி, அப்புறம் திரும்பவும் பணத்தைப் பற்றியே பேச்சு. பத்திரமாக வைத்திருந்த ஆசையை முன்பின் தெரியாத ஒருவர் கையை விட்டுத் துழாவியதுபோல் இருந்தது.

ஒற்றெழுத்து:
பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த என் கட்டுரைகளை வடிவமைப்பாளர் யூனிகோடுக்கு மாற்றினார். மெய்ப்பு வந்தது. ‘வெள்ளம்’ வருகிற இடமெல்லாம் ‘வௌ்ளம்’. அந்தப் புள்ளி பிடிமானமில்லாமல் தனியே தொங்கியது. வெள்ளத்தைப் பற்றிய புத்தகம் அது!

காரணம் இதுதான்: பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ‘ள’வுக்கும் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ஒரே எழுத்துதான். மாற்றும் மென்பொருளுக்கு எது எது என்று தெரியாது. அதனால் மாற்றியதும் ‘வௌ்’, ‘தௌி’, ‘கெள’ என்ற தவறான வடிவங்கள் மூன்றையும் தேடிப் பாருங்கள். ‘கௌரவம்’ என்பதைக் ‘கெளரவம்’ என்று அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மின்னூலில் தேடும் வாசகருக்கு அது அகப்படாது. கடைசி மெய்ப்பைத் திரையில் பார்க்காதீர்கள், தாளில் எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். பக்க எண்ணிக்கை முடிவாகும் முன் அட்டை வேலையை முடிக்க விடாதீர்கள், புத்தக முதுகின் அகலம் பக்கங்களையும் தாளின் கனத்தையும் பொறுத்தது. அச்சகம் பதினாறு பக்கப் பாரமாக (ஒரே தாளில் அச்சாகி மடியும் பக்கத் தொகுதி) ஓட்டினால், கடைசிப் பாரத்தில் ஒரு பக்கம் மட்டும் வழிந்து நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண், 2007 முதல் 13 இலக்கம். சாதா அட்டை, கெட்டி அட்டை இரண்டுக்கும் தனித்தனி எண் வேண்டும். பாட்டு வரி எதையாவது மேற்கோள் காட்டியிருந்தால், உரிமை யாரிடம் என்று அச்சுக்குப் போகும் முன்பே விசாரியுங்கள். அப்புறம், காப்புரிமையைப் பதிவு செய்தால்தான் கதை நம்முடையது என்று யாராவது பயமுறுத்திப் பணம் கேட்டால் நம்பாதீர்கள். 1886இல் உருவான, காப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் அநேகமாக எல்லா நாடுகளும் சேர்ந்துவிட்டன. எழுதி முடித்ததுமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடும். வழக்கு என்று வரும்போது பதிவு சான்றாக உதவும், அவ்வளவுதான்.

மழைநாள்:
ஒற்றெழுத்து, இதையெல்லாம் தனிப் பதிவாகப் போடுங்கள், இங்கே புதைந்துவிடும். காகிதக்கப்பல், ஐந்து வருடம் முடிந்தால் உரிமை தானாகவே உங்களிடம் வந்துவிடுமா?

காகிதக்கப்பல்:
எங்கள் ஒப்பந்தத்தில் வந்துவிடும். ஆனால் பல ஒப்பந்தங்களில், முடியும் முன்பே எழுத்தில் அறிவிக்காவிட்டால் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று இருக்கும், அந்த வரியைத் தேடிப் பாருங்கள். ‘புத்தகம் விற்பனையில் இல்லாதபோது உரிமை திரும்பும்’ என்று மட்டும் இருந்தால் அது போதாது. மின்னூல் ஒரு தளத்தில் கிடந்தாலே புத்தகம் விற்பனையில் இருக்கிறது என்று வாதிடலாம், கேட்கும்போது மட்டும் அச்சடிக்கும் முறையிலும் அதே கதைதான். ஒரு வருடத்தில் இத்தனை பிரதிக்குக் கீழே போனால் உரிமை திரும்பும் என்று எண்ணிக்கை போட்டு எழுதச் சொல்லுங்கள்.