மகள் நிலத்தடி நீர் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறாள், செலவு குறைவான பட்டப்படிப்பு எது?

பெரும்பாக்கம் லாரிக்காரர்:

எல்லோருக்கும் வணக்கம். பெரும்பாக்கத்தில் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். லாரி முதலாளியுடையது, எனக்கு நடைக்கு இவ்வளவு என்று கணக்கு. மூத்த மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி, பயாலஜி மேத்ஸ் குரூப், 600-க்கு 471.

2019 கோடையில் ஏரியெல்லாம் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. நான் தண்ணீர் எடுக்கும் விவசாயக் கிணறுகள் ஒவ்வொன்றாகத் தரை தட்டின. நாளுக்கு ஆறு நடை ஓடிய வண்டி இரண்டு நடைக்கே தடுமாறியது. ஒரு நாள் அவளையும் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி எங்கப்பா போச்சு?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அது அவளுக்குப் போதவில்லை.

மூன்று வருஷமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். நான் எந்தக் கிணற்றில் லோடு ஏற்றினேன், தண்ணீர் எத்தனை அடியில் நின்றது, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் என்ன காட்டியது, எல்லாவற்றையும் ராத்திரி என்னிடம் கேட்டு எழுதுவாள். அசந்து தூங்கினாலும் எழுப்பிக் கேட்பாள். இப்போது அது சம்பந்தமாகத்தான் படிப்பேன் என்கிறாள்.

தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். "இயற்கை வள மேலாண்மை" என்றே ஒரு பி.எஸ்சி. இருக்கிறதாம். வேறு மாநிலத்தில் தனியார் பல்கலைக்கழகம், வருஷத்துக்கு 1,80,000 ரூபாய், விடுதி தனி. அவ்வளவு முடியாது என்றதும், அதையே தொலைதூரத்தில் படிக்கலாம், மாதம் ஒரு வாரம் போனால் போதும், பாதிக் கட்டணம் என்றார்கள். சீட்டைப் பிடித்து வைக்க 5,000 வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டதற்கு அடுத்த வாரம் வாங்க என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மனசு சரியில்லை.

வருஷத்துக்கு முப்பதாயிரம் வரை எப்படியாவது புரட்டிவிடுவேன். அதற்குள் நல்ல படிப்பு இருக்கிறதா? படித்தால் வேலை கிடைக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையம் பழைய மாணவி:

அண்ணா, மீதிப் பணத்தை எந்தக் காரணத்துக்காகவும் கட்டாதீர்கள். வேளாண்மை, தோட்டக்கலை மாதிரியான படிப்புகளைத் தொலைதூரத்தில் நடத்த பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதிப்பதே இல்லை. இது அந்த வகையில் சேராது என்று அவர்கள் வாதாடினாலும், காட்டிலும் வயலிலும் நின்று கற்க வேண்டியதை மாதம் ஒரு வாரத்தில் யாராலும் கற்றுத்தர முடியாது. கொடுத்த 5,000-க்கு எழுத்தில் ரசீது கேளுங்கள், தராவிட்டால் எழுத்திலேயே திருப்பிக் கேளுங்கள்.

நான் மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல் படித்தவள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசுக் கல்லூரி, நான்கு வருஷப் படிப்பு. நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை, பிறகு கலந்தாய்வு. இயற்கை வள மேலாண்மை என்ற பெயர் நம் பக்கம் பெரும்பாலும் முதுகலையில்தான் வரும். இளநிலையில் அதே விஷயம் வனவியல், மீன்வளம், வேளாண்மை, புவியியல், நிலவியல் என்று பிரிந்து கிடக்கிறது. அதனால் படிப்பின் பெயரைத் தேடாதீர்கள். காடா, தண்ணீரா, மண்ணா, மீனா, எதற்காக அவள் ராத்திரி உங்களை எழுப்புவாள் என்று பாருங்கள்.

தண்ணீர் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். ஆனாலும் வனவியலை விட்டுவிடாதீர்கள். மலையில் விழுகிற மழை மண்ணில் இறங்குவதும், சோலைக்காடு அதைப் பிடித்து வைத்து ஓடையாக விடுவதும் எங்கள் பாடத்தில்தான் வருகிறது. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் டேப் சுற்றி மரத்தை அளக்கப் பழகிய கை, கிணற்றையும் அளக்கும். சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். வீட்டை விட்டு இருக்க அவளுக்குச் சம்மதமா என்பதையும் கேளுங்கள். முதல் செமஸ்டர் முழுக்க நான் அழுதிருக்கிறேன், அப்புறம் ஊருக்கு வரவே மனசில்லாமல் போனது.

முக்கியமான ஒன்று. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டிவிடும். உங்கள் மகள் அப்படிப் படித்தவளா?

பொன்னேரி மீன்வள மாணவன்:

அங்கிள், அக்கா சொன்ன 7.5 சதவீதத்தில் சேர்ந்தவன் நான். பொன்னேரி மீன்வளக் கல்லூரி, நான்கு வருஷ பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல் பட்டம். இங்கேயும் நீட் இல்லை. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டி, ஆனால் பெரும்பாக்கத்திலிருந்து தினமும் வந்து போவது கஷ்டம். குளத்துத் தண்ணீரின் உப்பு, ஆக்சிஜன், காரத்தன்மை எல்லாம் நாங்களே சோதிப்போம். பழவேற்காடு ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. மீன் வாடை பிடிக்காது என்றால் வேண்டாம்.

ஆதம்பாக்கம் நிலவியலாளர்:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். 31 வருஷம் போர்வெல்லுக்கு இடம் பார்த்தவன் நான், இப்போது ஓய்வு. அந்த நோட்டு பத்திரம். முதலில் அதை ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

உங்கள் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் நிலவியலில் இருக்கிறது. புவியியல் (ஜியாகரபி) வேறு, நிலவியல் (ஜியாலஜி) வேறு. சேரும்போது பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நிலவியல் என்றால் பாறை, மண் அடுக்கு, அதற்குள் நிற்கும் தண்ணீர். மெரினா எதிரே மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. நிலவியல் இருக்கிறது, மூன்று வருஷம். நானும் அங்கே படித்தவன். அரசுக் கல்லூரி என்பதால் வருஷக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் முடியும். நீங்கள் சொன்ன முப்பதாயிரத்தில் புத்தகம், களப்பயணம், சாப்பாடு போகவும் மிஞ்சும். விண்ணப்பம் அரசு கலைக் கல்லூரிகளுக்கான பொது இணையதளத்தில்தான், கட்டணம் ஐம்பது ரூபாய் அளவுக்கு. வேளச்சேரி வரை பேருந்து, அங்கிருந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம், அதையும் கணக்கில் சேருங்கள்.

இப்போது அந்த நோட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் என்ன இருக்கும் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். கிண்டி, பல்லாவரம், தாம்பரம் பக்கமெல்லாம் அடியில் சார்னோகைட் என்ற கரும்பாறை. உலகத்திலேயே அந்தப் பாறைக்குப் பெயர் வைத்தது நம் பல்லாவரம், பரங்கிமலைக் கல்லைப் பார்த்துத்தான். அதில் தண்ணீர் வெடிப்புகளில் மட்டும் நிற்கும். பத்தடி தள்ளித் தோண்டினால் ஒன்றும் இருக்காது. திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை கடற்கரை ஓரம் மணல், பஞ்சு மாதிரி மழையைக் குடித்து வைத்திருக்கும். ஆனால் அளவுக்கு மீறி இறைத்தால் கடல் உள்ளே வந்துவிடும். வடக்கே மீஞ்சூர் பக்கம் அப்படித்தான் உப்பு நீர் பல கிலோமீட்டர் ஊருக்குள் ஏறியது. உங்கள் மகள் எழுதிய கிணறுகளைப் பாறைப் பக்கம், மணல் பக்கம் என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கோடையில் டிடிஎஸ் எந்தப் பக்கம் எகிறுகிறது என்று அவளே பார்க்கட்டும்.

வேலை பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இளநிலையோடு நிறுத்தினால் தனியாரில் சிறு சம்பளம்தான். முதுகலை கட்டாயம் வேண்டும். அதற்கும் சென்னையை விட்டுப் போக வேண்டாம், கிண்டியிலேயே சென்னைப் பல்கலைக்கழகமும் அண்ணா பல்கலைக்கழகமும் நடத்துகின்றன. எம்.எஸ்சி. முடித்தால் யுபிஎஸ்சியின் புவி அறிவியலாளர் தேர்வு எழுதி மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கே போகலாம். இந்திய வனப்பணித் தேர்வுக்கும் நிலவியல் பட்டம் செல்லும், அதற்கு வெறும் புவியியல் பட்டம் போதாது. ஐந்து வருஷம் படிக்க வைக்கும் மனத்திடம் உங்களுக்கு வேண்டும், அவ்வளவுதான்.

பெரும்பாக்கம் லாரிக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நடை முடிந்து வந்ததும் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னேன்.

தங்கச்சி கேட்டதற்குப் பதில். ஏழாவதிலிருந்துதான் அரசுப் பள்ளி. ஆறாவது தனியார் பள்ளி. 2019-ல் வருமானம் விழுந்து ஃபீஸ் கட்ட முடியாமல்தான் மாற்றினேன். அந்த ஒரு வருஷத்தால் 7.5 போய்விட்டது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் அதே காரணத்தால் கிடைக்காது என்று பள்ளியில் சொன்னார்கள். கஷ்டப்பட்டுத் தனியாரில் சேர்த்ததே அவளுக்குத் தடையாகிவிட்டதே என்று ராத்திரி தூக்கமில்லை. அவள்தான், "விடுப்பா, நான் பீச் பக்கம் போய்ப் படிக்கிறேன்" என்றாள்.

வனவியலுக்கும் விண்ணப்பம் போடுகிறோம். ஆனால் அவள் மனசு நிலவியலில் நின்றுவிட்டது. கிணறுகளைப் பிரித்துப் பார்த்தாள். ஒட்டியம்பாக்கம் பக்கத்துக் கிணறுகளில் கோடையில் மட்டம் மளமளவென இறங்குகிறது, டிடிஎஸ் பெரிதாக மாறவில்லை. ஈஞ்சம்பாக்கத்தில் மட்டம் கொஞ்சம்தான் இறங்குகிறது, டிடிஎஸ் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஐயா சொன்னது அப்படியே இருக்கிறது என்று அம்மாவிடம் ஓடினாள். அவள் இப்படி ஓடிப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

ஐந்து வருஷம் படிக்க வைப்பேன் ஐயா. அவள் ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். ஆழத்தைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு நான் குத்துமதிப்பாகத்தான் சொல்லி வந்தேன். சரியாக அளப்பது எப்படி?

ஆதம்பாக்கம் நிலவியலாளர்:

தம்பி, அவளுடைய முதல் கள உதவியாளர் நீங்கள்தான். ஒரு இரும்பு டேப் வாங்குங்கள். நுனியில் சின்ன எடை கட்டி, கடைசி இரண்டு மூன்று அடிக்குக் கரும்பலகைச் சாக்குக்கட்டியைத் தேயுங்கள். கிணற்று விளிம்பில் ஒரே இடத்தில் பெயிண்ட் அடையாளம் வைத்து, அங்கே ஒரு முழு எண் வரும் வரை டேப்பை இறக்குங்கள். நுனி தண்ணீரில் முங்க வேண்டும். மேலே இழுத்தால் சாக்குத்தூள் நனைந்த கோடு தெளிவாகத் தெரியும். விளிம்பில் பிடித்த எண்ணிலிருந்து நனைந்த கோட்டின் எண்ணைக் கழித்தால் ஆழம். விளிம்புச்சுவர் தரைக்கு மேல் எவ்வளவு உயரம் என்று ஒரு முறை அளந்து அதையும் கழித்துவிடுங்கள்.

மோட்டார் ஓடும்போதோ நிறுத்தின உடனேயோ அளக்கக் கூடாது. காலையில் முதல் லோடுக்கு முன்னால் அளங்கள். எல்லாக் கிணற்றையும் மாதாமாதம் பார்க்க முடியாவிட்டால் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் நான்கு மாதமாவது தவறாமல் பாருங்கள், நிலத்தடி நீர் வாரியமும் அந்த மாதங்களில்தான் அளக்கும். கலந்தாய்வுக்குப் போகும் நாளில் நோட்டையும் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். துறையில் யாராவது கேட்டால் காட்டட்டும்.