குசினிக்குள் காஸ் மணம் (குழு: வட்டக்கச்சி வீடு)

மாலை 6.12

ராணி சித்தி: குசினிக்குள் கூழ்முட்டை மணம் வருகிறது. அடுப்பு நிப்பாட்டித்தான் இருக்கிறது. யாராவது நிற்கிறீங்களா?

தர்சன்: காஸ்!!

கனடா மாமா: ஃபானைப் போடு, போய்விடும்

சிவா: மாமா, வேண்டாம். சித்தி, ஒரு சுவிச்சையும் தொடாதேங்கோ. போடவும் வேண்டாம், நிப்பாட்டவும் வேண்டாம். இரைச்சல் கேட்காவிட்டால் மட்டும் ரெகுலேற்றரை மூடுங்கோ. பின்கதவைத் திறந்துவிட்டு அம்மம்மாவோடு முற்றத்துக்கு வாங்கோ. போனையும் வெளியே வந்து பாருங்கோ.

சுதா: சாமி அறை விளக்கு??? நாளைக்குத் தாத்தாவின் திவசம்

6.17

ராணி சித்தி: வெளியே வந்துவிட்டோம். ரெகுலேற்றர் மூடியாச்சு. அம்மா திரி மட்டும்தான் போட்டவ, கொளுத்தவில்லை. பருப்பு ஊறுகிறது என்று திரும்ப உள்ளே போகப் பார்க்கிறா.

சுதா: பிடியுங்கோ அவவை

சிவா: விளக்கைக் கொளுத்தவே விடாதேங்கோ. இந்த வாயுவுக்குச் சொந்த மணம் கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற மணப்பொருளைக் கலக்கிறார்கள். காற்றை விடப் பாரம். மேலே போகாது, தரையோடு படுத்து சாமி அறை, கட்டிலுக்கடி என்று ஊர்ந்து போகும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். சுவிச்சை நிப்பாட்டும்போதும் அந்தப் பொறி வரும். அதனால் பிரிட்ஜ் பிளக்கையும் கழற்றாதேங்கோ.

கனடா மாமா: 2021 கடைசியில் இலங்கை முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்ததே, அது மாதிரியா?

சிவா: அப்போது சிலிண்டர் காஸில் கலந்திருக்கும் புரொப்பேன் வாயுவின் பங்கைக் கூட்டியதுதான் காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. அழுத்தம் கூடினால் பழைய குழாய் தாங்காது. எங்கள் குழாய்க்கு எத்தனை வயது?

ராணி சித்தி: அடுப்போடு வந்தது. மாற்ற வேண்டும் என்று அண்ணாவிடம் போன வருஷமே சொன்னேன்.

கனடா மாமா: காசு அனுப்பினேனே. ஓடு மாற்றினோம் என்றாய்

ராணி சித்தி: மழை ஒழுகினால் என்ன செய்வது?

பெரியம்மா: இப்ப அந்தக் கதை வேண்டாம். 2016இல் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது தீயணைப்பு வண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது. மறந்துவிட்டீங்களா

தர்சன்: நான் வருகிறேன். பரந்தன் தாண்டிவிட்டேன்

சிவா: மோட்டார் சைக்கிளை ஒழுங்கையிலேயே நிப்பாட்டி உருட்டிக்கொண்டு போ

6.44

தர்சன்: சிலிண்டரை வேப்ப மரத்தடியில் நிமிர்த்தி வைத்தாச்சு. குழாயில் அடுப்புப் பக்கம் எலி கடித்திருக்கிறது. நாலு பல் வடிவாகத் தெரிகிறது. படம் பிறகு போடுகிறேன்

கனடா மாமா: வால்வும் ஒழுகுதா பார். அந்த நாளில் நெருப்புக்குச்சி காட்டித்தான் பார்ப்போம்

சிவா: ஐயோ மாமா, அதைச் சொல்லியே கொடுக்காதேங்கோ! தர்சன், சவர்க்காரத் தண்ணீர் பூசு. ஒழுகினால் குமிழி வரும்.

தர்சன்: பூசினேன். குமிழி இல்லை

பெரியம்மா: நாளைக்கு 40 பேர் சாப்பாடு. எதில் சமைக்கிறது?

ராணி சித்தி: விறகடுப்பு இருக்கிறதுதானே என்கிறா அம்மா.

சுதா: மழை வந்தால்? காலையில் கிளிநொச்சியில் குழாய் வாங்கலாம்

பெரியம்மா: கடை திறக்க 9 மணியாகும். ஐயர் எத்தனை மணிக்கு?

கனடா மாமா: குழாய்க் காசு நான் போடுகிறேன். ரெகுலேற்றரையும் சேர்த்து மாற்றுங்கோ

ராணி சித்தி: சரி அண்ணா

7.20

ராணி சித்தி: இப்ப மணம் இல்லை. அம்மா விளக்குக் கொளுத்தலாமா என்று கேட்கிறா.

சிவா: உங்கள் மூக்கு பழகியிருக்கும் சித்தி. வெளியே நிற்கிற தர்சன் போய்த் தரையோடு குனிந்து மணந்து பார்க்கட்டும். எல்லா அறையும்.

தர்சன்: போகிறேன். போனைப் படியில் வைத்துவிட்டுப் போகிறேன்

சுதா: உளுந்து யார் ஊறப்போடுகிறது?