மீன் லோடு பிக்கப்: மைலேஜ் விழுகிறது, பாடியும் துருப்பிடிக்கிறது. எதை முதலில் பார்ப்பது?

நாகை_பிக்கப்:

வணக்கம். வண்டி 2.5 லிட்டர் டீசல், பிஎஸ்6, 1.7 டன் பேலோடு (ஏற்றக்கூடிய எடை), 9 அடி பாடி. விடியற்காலை நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீன் ஏற்றி, தஞ்சாவூர் வழியாகத் திருச்சி. திரும்பும்போது காலிப் பெட்டி, சில நாள் காந்தி மார்க்கெட் காய்கறி. மீன் 1 டன்னுக்கு மேல் ஏற்றுவதில்லை. லிட்டருக்கு 13 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 10.5-க்கு வந்துவிட்டது. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டும் புதிது. ஸ்கேனரில் எரர் எதுவும் காட்டவில்லை.

பாடியில், பின்சக்கரத்துக்கு மேலே ஃப்ளோர் ஷீட் பொருக்குப் பொருக்காக உரிகிறது. பின்கதவு ஓரத்தில் இரண்டு ஓட்டை. மேலே ரப்பர் மேட் எப்போதும் கிடக்கும். 3 மி.மீ. அலுமினிய செக்கர் ஷீட் போட்டு மூடிவிடலாம் என்கிறது ஒரு பட்டறை. இரும்பு ஷீட்டே போதும் என்கிறது இன்னொன்று. எடை கூடினால் மைலேஜ் இன்னும் குறையுமா? ஸ்ப்ரே லைனிங் (தெளித்து அடிக்கும் கனமான பூச்சு) இதற்குத் தாங்குமா?

டெல்டாடீசல்:

அண்ணே, ஷீட் போடுவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பாடியைத் தின்னும் அதே தண்ணீர்தான் டீசலையும் தின்கிறது என்று சந்தேகப்படுகிறேன். பின்சக்கரத்துக்கு மேலே இறங்கும் உப்புத் தண்ணீர் நேராக பிரேக் டிரம் மேலும் ஹேண்ட் பிரேக் கேபிள் மேலும் விழுகிறது. கேபிள் உறைக்குள் துரு ஏறினால் இழுக்கும்போது போகும், விடும்போது முழுதாகத் திரும்பாது. பிரேக் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடும். இன்ஜினில் கோளாறு இல்லாததால் ஸ்கேனரில் எதுவும் வராது.

கண்டுபிடிப்பது சுலபம். 20 கி.மீ. ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அழுத்தாமல் தானாக வேகம் குறையவிட்டு நிறுத்துங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை இரண்டு பின் டிரம்மிலும் காட்டுங்கள். ஒன்றுக்கொன்று 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சூடான பக்கம் பிடிக்கிறது. இரண்டுமே கொதித்தால் இரண்டு பக்கமும் பிடிக்கிறது. கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், சுட்டுவிடும். அடுத்து முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில், பின்பக்கத்தை ஜாக்கி ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுப் பின்சக்கரங்களைக் கையால் சுழற்றிப் பாருங்கள். டிஃபரன்ஷியல் ஆயில் இழுவையால் கொஞ்சம் கனமாகத்தான் சுற்றும். இடது வலது ஒன்றுபோல் இருக்கிறதா என்பதே முக்கியம்.

கேபிள் மாட்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் ஓடும், அடுத்த உப்புத் தண்ணீரில் மறுபடி பிடிக்கும். டிரம்மைக் கழற்றும்போதே ஷூ உட்காரும் பிளேட்டின் மேடுகளில் துருவைச் சுரண்டி, வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ் லேசாகத் தடவச் சொல்லுங்கள். லைனிங் மேல் படக்கூடாது. அட்ஜஸ்ட் செய்யும்போது முதலில் கால் பிரேக், பிறகுதான் கேபிள். வரிசை மாறினால் ஷூ இழுபட்ட நிலையிலேயே நின்றுவிடும், புது கேபிள் போட்டும் பலன் இருக்காது.

பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில் எல்எஸ்பிவி வால்வின் லிங்க் இருந்தால் அதையும் ஆட்டிப் பாருங்கள். லோடுக்குத் தகுந்தபடி பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதுதான். துருவில் இறுகினால் லோடோடு போகும்போதும் காலி வண்டி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்ட வண்டிகளிலும் இதே கதைதான்: பின்பக்கம் உயர்ந்துவிடுவதால் வால்வு ஏமாந்துபோகும். பட்டை சேர்த்தால் வால்வையும் செட் செய்தே ஆகவேண்டும்.

அடுத்து லோடு. 1 டன் மீன் என்கிறீர்கள், ஐஸ் எங்கே? மீன் எடையில் பாதி ஐஸ் என்றாலும் 500 கிலோ. பெட்டிகள் 100 கிலோவாவது வரும். 1.6 டன் ஆகிவிட்டது, கூட ஏறும் ஆள் கணக்கு தனி. வெயில் காலத்தில் ஐஸைக் கூட்டினால் வரம்பைத் தாண்டும். ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், மிகை டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 சேர்த்து. பணத்தை விடுங்கள், தேய்ந்த பின் பிரேக்கோடு அந்த எடையை நிறுத்துவது பற்றித்தான் கவலை.

டயர் காற்று கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, லோடு நிலைக்கு உரியது, டயர் குளிர்ந்திருக்கும்போது. தார்ப்பாய் படபடக்காமல் இறுக்கமாக இருக்க வேண்டும். பெட்டிகளை கேபின் உயரத்துக்குள் அடுக்குங்கள், மிஞ்சினால் அந்த மேடு முழுக்கக் காற்றை முட்டும். 60-இல் போகும்போது இருக்கும் காற்றுத் தடை 80-இல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. ஏலத்துக்குக் காத்திருக்கும்போது இன்ஜினை அணையுங்கள். இந்த அளவு டீசல் இன்ஜின் சும்மா நின்றாலே மணிக்கு முக்கால் லிட்டர் அளவில் குடிக்கும்.

அளப்பது ஃபுல் டேங்க் முறையில்: ஒரே பங்க், ஒரே முனை, துப்பாக்கி முதல் முறை தானாக நிற்கும்போது நிறுத்திவிட வேண்டும். ஒரு தடவைக் கணக்கை நம்பாதீர்கள், மூன்று நிரப்பலின் சராசரி எடுங்கள். நெடுஞ்சாலை ஓட்டம் என்பதால் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. ஆனால் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போனால் டீசல் ஆயிலில் கலக்கிறது என்று பொருள், உடனே காட்டுங்கள்.

பாடிபட்டறை:

துருப்பிடித்த ஃப்ளோர் மேல் எந்த ஷீட்டையும் போட்டு மூடாதீர்கள். இரும்போ அலுமினியமோ, இரண்டு தகட்டுக்கு நடுவே போன உப்புத் தண்ணீர் காயவே காயாது. மேலே பளபளப்பாக இருக்கும், கீழே கிராஸ் மெம்பர் (ஃப்ளோரைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) கரைந்துகொண்டிருக்கும். இப்போதுள்ள துருவுக்கும் அந்த ரப்பர் மேட் தான் பெரிய காரணம். மேட் உராய்வைத் தடுக்கும், ஆனால் ஈரத்தைப் பிடித்துவைக்கும். உராய்வால் பெயின்ட் போவது வருடக்கணக்கில் நடக்கும் வேலை, மேட்டுக்கு அடியில் உப்பு ஈரம் அதைவிட வேகமாகத் தின்றுவிடும்.

அலுமினியத்தில் இன்னொரு சிக்கல். இரும்போடு நேராகத் தொட்டு, நடுவே உப்புத் தண்ணீரும் இருந்தால் அலுமினியம் அரிக்கும். ரிவெட் ஓட்டைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். எடைக் கணக்கு: உங்கள் ஃப்ளோர் 4.6 சதுர மீட்டர் வரும். 3 மி.மீ. இரும்பு 108 கிலோ, 2 மி.மீ. இரும்பு 72 கிலோ, 3 மி.மீ. அலுமினியம் 40 கிலோவுக்குள், 12 மி.மீ. ஷட்டரிங் பிளை 38 கிலோ அளவில். மூன்றரை டன்னை நெருங்கும் வண்டியில் 100 கிலோவால் டீசல் பெரிதாக மாறாது. ஆனால் ஒவ்வொரு நடையிலும் 100 கிலோ மீனுக்கான இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.

நான் சொல்லும் வழி: மேட்டை எடுத்துவிட்டு நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள். மந்தமான சத்தம் வரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள்; இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து அதே கனத்தில் புதுத் தகடு வெல்டிங். வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவையும் ஈசியு (இன்ஜினின் கம்ப்யூட்டர்) கனெக்டரையும் கழற்றச் சொல்லுங்கள். அடியில் டீசல் டேங்க், வயரிங், பிரேக் பைப் எங்கே போகிறது என்று பார்க்காமல் ஆரம்பிக்க விடாதீர்கள்.

மீதி இடத்தில் கிரைண்டரில் வயர் கப், பிறகு 60 அல்லது 80 கிரிட் ஃபிளாப் டிஸ்க். தேய்த்து முடித்ததும் மறுபடி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பலர் விடுவது இந்தப் படியைத்தான். துருக் குழிக்குள் உப்பு தங்கிவிட்டால் எந்தப் பெயின்ட்டும் சில மாதங்களில் கொப்புளம் போடும். புளோயரால் காயவைத்து, தின்னர் துணியால் துடைத்து, அன்றே பிரைமர்.

பிரைமர் இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி ஜிங்க் பாஸ்பேட். சாதாரண ரெட் ஆக்சைடு எப்போதும் நனையும் இடத்துக்கு ஆகாது. உள்பக்கச் சுவர்களும் சேர்த்து 9 சதுர மீட்டர் கிட்ட வரும். இரண்டு கோட்டுக்கு, சேதாரம் சேர்த்து, 3 லிட்டர் வாங்குங்கள். முதல் கோட்டுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி டப்பாவில் போட்டிருக்கும். அந்த நேரம் தாண்டினால் லேசாகத் தேய்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும், இல்லையென்றால் தோலாக உரியும். ஃப்ளோரும் சுவரும் சேரும் மூலை முழுக்க பியு (பாலியூரிதேன்) சீலன்ட்; 310 மி.லி. குழாயில் 6 மி.மீ. கோடு 11 மீட்டர் ஓடும், உங்களுக்கு 9 மீட்டர் தேவை. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் வேண்டவே வேண்டாம், இரும்பை அரிக்கும், மேலே பெயின்ட்டும் ஒட்டாது.

அதற்கு மேல் ஸ்ப்ரே லைனிங் 2 மி.மீ. அடித்தால் தாங்கும். சொரசொரப்பில்லாமல் அடிக்கச் சொல்லுங்கள். சொரசொரப்பில் செதிலும் கோழையும் ஏறிக்கொள்ளும், வாடை போகாது.

நாகை_பிக்கப்:

மிக்க நன்றி. தண்ணீர் வெளியேற ஓட்டை எங்கே போடுவது? பின்கதவு வழியாகவே வடியவிட்டால் போதாதா? ஃபைபர் போடலாம் என்று துறைமுகத்தில் ஒருவர் சொன்னார், அது சரிவருமா?

ஃபைபர்படகு:

சரிவரும், செய்கிற விதத்தில் செய்தால். ஃபைபர் படகு பழுது பார்க்கும் ஆட்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்குப் பழகிய வேலைதான். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட் மூன்று அடுக்கு போட்டால் 3 மி.மீ. கனம் வரும். 9 சதுர மீட்டருக்கு மேட் 12 கிலோ, ரெசின் 30 கிலோ சுமாராக. மொத்த எடை 42 கிலோ, சுவர்களையும் சேர்த்து. ரெசின் ஐசோஃப்தாலிக் வகை கேளுங்கள், சாதாரண ரெசினைவிடத் தண்ணீருக்கு நன்றாகத் தாங்கும்.

ஆனால் பாலியெஸ்டர் ரெசின் இரும்பில் சரியாகப் பிடிக்காது. நேராக ஃப்ளோர் மேல் போட்டால் வண்டி முறுக்கும்போது விட்டுவிடும், இடைவெளியில் தண்ணீர் புகும், பாடிபட்டறை சொன்ன கதைதான். தனித் தொட்டியாக வார்த்து, எபாக்சி அடித்த பாடிக்குள் இறக்குங்கள். விளிம்பு பாடியின் மேல் ஓரத்தைத் தாண்டி வெளியே மடிந்திருக்க வேண்டும். பின்பக்கம் ஒரு சாண் தடுப்பாவது இருக்கட்டும், கதவோடு தட்டையாக விட்டால் தண்ணீர் திரும்பி அடியில் போகும். வருடத்துக்கு ஒருமுறை தொட்டியைத் தூக்கி அடியில் பாருங்கள். ரெசின் கலக்கும்போது ஹார்டனரையும் கோபால்ட்டையும் (ரெசினைச் சீக்கிரம் இறுகவைக்கும் திரவம்) ஒன்றோடொன்று நேராகக் கலக்கக்கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகு ஹார்டனர்.

பாடிபட்டறை:

தொட்டி யோசனை நல்லது, ஆனால் காய்கறி மூட்டையும் பெட்டியும் இழுத்து ஏற்றுகிற வண்டியில் ஃபைபரின் மூலை விரியும். அடியில் பிளாஸ்டிக் பேலட் போட்டு, பெட்டிகளை அதன் மேல் மட்டும் வையுங்கள். லைனிங்கோ ஃபைபரோ, பேலட் இருந்தால் எதுவும் நீண்ட நாள் வரும், தண்ணீரும் அடியில் ஓடிவிடும்.

பின்கதவு வழியாக வடியவிடாதீர்கள். மீன் தண்ணீர் ரோட்டில் விழுந்தால் பின்னால் வரும் பைக் சறுக்கும். பின் மூலைகள் இரண்டிலும் 25 மி.மீ. ஓட்டை, அதில் பைப் வைத்து ஹோஸ் மாட்டி, பாடிக்கு அடியில் ஒரு கேனில் இறக்குங்கள். ஹோஸ் சைலன்சருக்கு அருகில் போகக்கூடாது. கேனுக்கு அடியில் வால்வு வைத்தால் துறைமுகத்திலோ மார்க்கெட் கழிவுநீர்த் தொட்டியிலோ திறந்துவிடலாம். ஓட்டை போட்ட வெட்டு விளிம்பில் எபாக்சி தொட்டு வைக்க மறக்காதீர்கள், துரு அங்கேதான் முதலில் ஆரம்பிக்கும். அடிப்பக்கம் பழைய இன்ஜின் ஆயில் அடிக்கும் வழக்கம் வேண்டாம், பிரேக் ஹோஸும் ரப்பர் புஷ்ஷும் ஊதிப்போகும். கிராஸ் மெம்பர் உள்ளே கேவிட்டி வாக்ஸ் (உள்ளீடற்ற இடத்தில் துருவைத் தடுக்கும் மெழுகு) அடியுங்கள்.

டெல்டாடீசல்:

வரிசையாகச் செய்வதென்றால் முதலில் பிரேக்கும் கேபிளும், அதே நாளில் தற்காலிகமாகப் பின்கதவு ஓரத்துத் துரு ஓட்டை இரண்டையும் அடைத்து, தண்ணீர் வடிய ஹோஸ் மாட்டுங்கள். பாடி வேலைக்கு வண்டி சில நாள் நிற்க வேண்டியிருக்கும், அதை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, லோடும் குறைவு, வெயிலில் எபாக்சி நன்றாகக் காயும். கேபிள் மாற்றியபின் மூன்று ஃபுல் டேங்க் கணக்கை இங்கே போடுங்கள். 12-ஐத் தாண்டவில்லை என்றால் அடுத்து வீல் அலைன்மென்ட்டும் கிளட்ச் ஸ்லிப்பும் பார்க்கலாம்.