புதுப்பிப்பு: வகுப்பு நேரத்தைத் தின்னாமல் புதுச் சொற்களைக் கற்பிப்பது

புதுச் சொற்களுக்கே பாதி வகுப்பு போய்விடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "சொற்களைக் குறையுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள்" என்ற யோசனைதான். இப்போது பாடத்துக்கு ஐந்தாறு சொற்கள், அதுவும் மற்றப் பாடங்களிலும் தலைகாட்டக்கூடியவை. மீதிக்கு வாசிக்கும்போதே போகிறபோக்கில் பொருள் சொல்லிவிடுகிறேன்.

அகராதிப் பொருளை எழுத வைப்பதை நிறுத்தியாயிற்று. பதிலுக்கு ஆம்-இல்லை கேள்விகள். 'தயங்கு' என்றால்: "குதிக்கப் போனவன் கரையிலேயே நிற்கிறான், தயங்குகிறானா?" "தட்டைப் பார்த்ததும் பாய்கிறான், தயங்குகிறானா?" பிள்ளைகள் கட்டைவிரலை மேலே அல்லது கீழே காட்டினால் போதும். யாருக்குப் புரியவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

மறுநாள் நோட்டை மூடிவைத்து அதே சொற்களைக் கேட்கிறேன். அப்புறம் ஒரு வாரம் கழித்து, அப்புறம் ஒரு மாதம் கழித்து. இடைவெளி விட்டுப் படித்தால் நன்றாக நிற்கும் என்று நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டிவிட்டார். நாம்தான் பரீட்சைக்கு முந்தைய நாளை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

சொல்லுக்குப் படம் வரையும் யோசனை சரிப்படவில்லை. வண்ணம் தீட்டுவதிலேயே மணி அடித்துவிடும்.

எதிர்பாராதது: வாயே திறக்காத பிள்ளைகள்கூட ஆம்-இல்லை கேள்விகளைத் தாங்களே தயாரித்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் பொருள் தெரிந்த சொல் கட்டுரையில் தானாக வந்து விழுவதில்லை. அதற்கு "அவள் தயங்கினாள், ஏனென்றால்..." என்று தொடங்கிக் கொடுத்து முடிக்கச் சொல்கிறேன். இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்கத்தான் வேண்டியிருக்கிறது.