பாதாமியோடு பீஜப்பூரையும் சேர்க்கலாமா?

கேள்வி:
டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு வட கர்நாடகத்தில் பாதாமி, ஐஹொளே, பட்டடக்கல் கோயில்களைப் பார்க்கப் போகிறோம். ஒருநாள் காலையில் கிளம்பி பீஜப்பூர் பார்த்துவிட்டு ராத்திரியே பாதாமி திரும்பிவிடலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி. பையனுக்கு அங்கே கோல் கும்பஸ் சமாதி மண்டபத்தின் எதிரொலியைக் கேட்டே ஆகவேண்டும்.

பதில்:
திரும்பிவிடலாம், ஆனால் வேண்டாம் என்பேன். வங்கி வேலைக்காக பீஜப்பூரில் குடியிருந்தவன் நான். முந்தின நாள் சாயங்காலமே போய்த் தங்கிவிடுங்கள். பையன் கேட்கிற எதிரொலிக்காகத்தான் சொல்கிறேன்.

கோல் கும்பஸ் குவிமாடத்தின் உள்சுற்றில், உயரத்தில் ஒரு நடைமாடம் ஓடுகிறது. அங்கே சுவரை ஒட்டி மெல்ல ஒரு வார்த்தை சொன்னால், நேர் எதிரே நிற்பவருக்குப் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்கும். காகிதத்தைக் கசக்கினால்கூடக் கேட்கும். ஆனால் டிசம்பர் பள்ளிச் சுற்றுலா மாதம். பிள்ளைகள் கூட்டமாக ஏறி ஆசைதீரக் கத்துவார்கள், அப்புறம் வெறும் இரைச்சல்தான். காலையில் கதவு திறந்ததுமே பையனை நேரே மேலே கூட்டிப்போங்கள்.

மூலைக் கோபுரத்துக்குள் ஏழு நிலை ஏற வேண்டும். படிகள் குறுகல், ஒவ்வொன்றும் நல்ல உயரம். அம்மா கீழேயே இருக்கட்டும், அங்கும் பார்க்க நிறைய உண்டு. 44 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம், கூடத்தின் நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் வளைவுகள்தான் மொத்தப் பாரத்தையும் சுவர்களுக்கு இறக்குகின்றன. மேடையில் தெரிவது 1656-ல் இறந்த பீஜப்பூர் சுல்தான் முகமது அடில் ஷாவின் அடையாளக் கல்லறை. உடல் இருப்பது கீழே நிலவறையில்.

எனக்கு அதைவிடப் பிடித்தது இப்ராகிம் ரௌசா. சரஸ்வதியைப் பாடிய சுல்தான் இரண்டாம் இப்ராகிமின் சமாதி. சமாதியும் மசூதியும் ஒரே மேடையில் எதிரெதிரே நிற்கும், நடுவில் தடாகம். ஜன்னல்களை உற்றுப் பாருங்கள்: கல்லில் அரபு எழுத்துகளைக் குடைந்து, அந்த இடைவெளிகளையே சல்லடையாக்கி வெளிச்சம் வர வைத்திருக்கிறார்கள். அவசரமாகப் பார்த்துவிட்டுப் போகிற இடமில்லை அது.

இன்னொருவர்:
மாலிக்-இ-மைதான் பீரங்கியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் வாயே சிங்க முகம், பல்லுக்கிடையில் யானை நசுங்குகிறது. பையன் நகர மாட்டான். பாரா கமான் என்ற சமாதியில் கூரையில்லாமல் பாதியில் நின்றுபோன கருங்கல் வளைவுகள். சாயங்கால வெயிலில் போங்கள். நம் பக்கத்துச் செஞ்சிக் கோட்டையும் 17-ஆம் நூற்றாண்டில் இந்த அடில் ஷாக்கள் கையில்தான் இருந்தது. மதியத்துக்கு ஜோள ரொட்டியும் (சோள ரொட்டி) எண்ணெகாயியும் (மசாலா அடைத்த கத்தரிக்காய்) கிடைக்கிற கானாவளியாக, அதாவது ஊர்ச் சாப்பாட்டுக்கடையாக, தேடிச் சாப்பிடுங்கள்.

கேட்டவர்:
சரி, ஒருநாள் தங்கிவிடுகிறோம். பெங்களூரிலிருந்து நேர் ரயில் உண்டா?

பதில்:
உண்டு, பெயரே கோல் கும்பஸ் எக்ஸ்பிரஸ். ராத்திரி வண்டி, பாதாமி வழியாகத்தான் போகிறது. முதலில் விஜயபுரா, அதாவது பீஜப்பூர் வரை போய்விட்டு, திரும்பும்போது பாதாமியில் இறங்குங்கள். டிக்கெட் எடுக்கும்போது நிலையத்தின் பெயரை விஜயபுரா என்று தேடுங்கள். 2014-லிருந்து அதுதான் ஊர்ப் பெயர்.